சுங்கை சிப்புட்டிலிருந்து உளவியல் முதுகலைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியலில் இளங்கலை படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளும், அவர்களைப் படிக்கவைக்கும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்தை மனத்தில் வைத்து எழுதியது. ஆனாலும் லூனாஸ், பாகான் டத்தோ, குளுவாங் என்று எந்தத் தோட்டப் பட்டணத்துப் பிள்ளைக்கும் இது பொருந்தும்.

டிகிரி முடிந்தால் போதாதா? இன்னும் எதற்குப் படிப்பு?

வேலைக்குப் போவதற்கு டிகிரி போதும். மனிதவளம், பயிற்சி, சந்தை ஆய்வு, சமூக நல அமைப்புகள், ஆட்டிசப் பிள்ளைகளுக்கான மையங்கள் என்று உளவியல் பட்டதாரிக்கு இடம் உண்டு. ஆனால் ஒருவரை எதிரில் உட்காரவைத்து, அவர் மனநோயை மதிப்பிட்டு, சிகிச்சை தரும் வேலைக்கு இளங்கலை போதாது. மலேசியாவில் இதற்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. 1998ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டம், அதாவது 580ஆம் சட்டம், 'கவுன்சலர்' என்று போட்டுக்கொள்பவர் ஆலோசகர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும் என்கிறது. 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், அதாவது 774ஆம் சட்டம், 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் பட்டியலிட்ட 23 தொழில்களில் மருத்துவ உளவியலாளர் தொழிலும் ஒன்று. அங்கே பதிவதற்கு மருத்துவ உளவியலில் முதுகலை வேண்டும்.

அப்பா "மூணு வருஷம் படிச்சியே, இன்னும் என்னம்மா?" என்று கேட்டால் இந்த இரண்டு சட்டங்களைத்தான் சொல்ல வேண்டும். ஆசைக்காகப் படிக்கவில்லை, உரிமத்துக்காகப் படிக்கிறோம் என்பது பெரும்பாலான பெற்றோருக்கு உடனே புரியும். கனரக வாகனம் ஓட்ட ஜி.டி.எல். உரிமம் வேண்டும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதானே.

எந்த முதுகலைக்கு விண்ணப்பிப்பது? எல்லாவற்றிலும் 'சைக்காலஜி' என்றுதான் போட்டிருக்கிறது.

இந்த ஒரு கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மார்க் குறைந்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம். தவறான படிப்பில் சேர்ந்து இரண்டு வருடமும் பணமும் போனால் திரும்ப வராது.

முதலில், நாற்பது வயதில் நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஒரு செவ்வாய்க்கிழமை வேலையைக் கற்பனை செய்யுங்கள். மருத்துவமனையில் மனநல மருத்துவரோடு சேர்ந்து நோயாளியைச் சோதித்து, அறிவுத்திறன் சோதனை நடத்தி, சிகிச்சை கொடுக்கிறீர்களா? அப்படியானால் மருத்துவ உளவியல். பள்ளி, பல்கலைக்கழகம், சமூக நிலையம் போன்ற இடங்களில் வாழ்க்கைச் சிக்கல்களோடு வருபவர்களிடம் பேசுகிறீர்களா? அது ஆலோசனைத் துறை. நிறுவனத்தில் ஆள் தேர்வு, பணியாளர் மனநிலை என்றால் தொழில் நிறுவன உளவியல். ஆய்வும் விரிவுரையும் என்றால் ஆய்வு வழி முதுகலை, பிறகு முனைவர் பட்டம். மாத்திரை எழுதிக் கொடுப்பவர் மனநல மருத்துவர். அவர் முதலில் மருத்துவம் படித்தவர், உளவியல் பட்டத்திலிருந்து அந்த வழிக்கு நேராகப் போக முடியாது.

மருத்துவ உளவியல் முதுகலையை யு.கே.எம். போன்ற அரசுப் பல்கலைக்கழகத்திலும், ஹெல்ப் போன்ற தனியார் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். இடங்கள் குறைவு, ஏனென்றால் ஒவ்வொரு மாணவருக்கும் மருத்துவமனையில் பயிற்சி இடமும் மேற்பார்வையாளரும் வேண்டும். வகுப்பறையில் இன்னும் இருபது நாற்காலி போடலாம், மேற்பார்வையாளர்களை அப்படிக் கூட்ட முடியாது. ஆலோசனை முதுகலை நடத்தும் பல்கலைக்கழகங்கள் கூடுதல். ஆனால் எல்லாவற்றையும் ஆலோசகர் வாரியம் அங்கீகரிப்பதில்லை.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன் மூன்று விஷயங்களை எழுத்தில் உறுதிசெய்யுங்கள். படிப்பின் முழுப்பெயர் மலேசியத் தகுதிப் பதிவேட்டில், அதாவது எம்.கியூ.ஆர். பட்டியலில் இருக்கிறதா? ஆலோசனை என்றால் ஆலோசகர் வாரியமும், மருத்துவ உளவியல் என்றால் துணை மருத்துவத் தொழில்கள் மன்றமும் இந்தப் படிப்பை ஏற்கின்றனவா, எந்த ஆண்டு மாணவர்கள் வரை? அரசு வேலை நோக்கம் என்றால் பொதுச் சேவைத் துறையான ஜே.பி.ஏ.வின் அங்கீகாரம் உண்டா? பல்கலைக்கழக விற்பனை அதிகாரி புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) "கண்டிப்பா ரெக்கக்னைஸ்டு" என்று அனுப்பும் செய்தி உறுதிமொழி ஆகாது. மன்றத்துக்கே மின்னஞ்சல் எழுதி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தில் ஒரே வருடத்தில் மருத்துவ உளவியல் எம்.எஸ்சி. முடிக்கலாமாமே?

முடிக்கலாம், பட்டமும் கிடைக்கும். உரிமம் கிடைக்காது. அந்த ஒரு வருடப் படிப்புகளில் பெரும்பாலானவை பாடமும் ஆய்வும் மட்டுமே, மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி கிடையாது. இங்கிலாந்திலேயே மருத்துவ உளவியலாளர் ஆவதற்கு மூன்று வருட முனைவர் பயிற்சி வேண்டும். அரசு நிதியில் நடக்கும் அந்த இடங்கள் பெரும்பாலும் அந்நாட்டு மாணவர்களுக்கே. ஒரு வருட எம்.எஸ்சி. முடித்துத் திரும்புகிறவர் இங்கே மறுபடியும் மருத்துவ உளவியல் முதுகலைக்கு வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆய்வாளராகப் போகிறவருக்கு அதே படிப்பு நல்ல படிப்புதான்.

ஆஸ்திரேலியாவில் வழி வேறு. மூன்று வருட இளங்கலைக்குப் பிறகு நான்காம் ஆண்டு ஹானர்ஸ் வேண்டும், அதன் பிறகே இரண்டு வருடத் தொழில்முறை முதுகலை. மலேசியாவில் மோனாஷ் உளவியல் படிப்பு ஆஸ்திரேலிய உளவியல் அங்கீகார மன்றத்தின் ஏற்பைப் பெற்றது. செமினியில் உள்ள நாட்டிங்ஹாம் படிப்பு பிரிட்டிஷ் உளவியல் சங்கத்தின் ஏற்பைப் பெற்றது. மற்ற இடங்களில் படித்தவர்கள் தங்கள் பாடங்களை அங்குள்ள அமைப்புகளிடம் தனியே மதிப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் முதுகலை இல்லாமலே இளங்கலையிலிருந்து நேராக முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் பல கட்டணத்தையும் தள்ளுபடி செய்து, ஆய்வு அல்லது கற்பித்தல் பணிக்கு மாதப்படியும் தருகின்றன. அதனால்தான் போட்டி கடுமை. மூன்று வருட இளங்கலையைச் சில பல்கலைக்கழகங்கள் நான்கு வருடத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. எஸ்.டி.பி.எம். படித்தவர்கள் அந்தச் சான்றிதழையும் சேர்த்தே அனுப்புங்கள்.

சி.ஜி.பி.ஏ., அதாவது 4.00க்குக் கணக்கிடும் மொத்தச் சராசரிப் புள்ளி, எவ்வளவு வேண்டும்?

நாட்டின் தர விதிகள் பாடவழி முதுகலைக்கு 2.50ஐ அடிப்படையாக வைக்கின்றன. அது வாசல்படிதான். இடம் குறைந்த படிப்புகளில் 3.00க்குக் கீழே உள்ளவர் நேர்காணலுக்கு அழைக்கப்படுவதே கடினம். 3.50க்கு மேல் இருந்தால் மார்க்கைப் பற்றிப் பேச்சே வராது, மற்றவற்றைப் பார்ப்பார்கள்.

இப்போது 2.80இல் இருப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 60 கிரெடிட் முடிந்திருக்கிறது, இன்னும் 60 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீதியை 3.40இல் முடித்தால் மொத்தம் 3.10 வரும். முதல் இரண்டு பருவம் சரிந்து, பிறகு ஏறிய வரைபடத்தைச் சேர்க்கைக் குழு மதிக்கும். புள்ளியியலிலும் ஆய்வு முறையிலும் சி வாங்கியிருந்தால்தான் சிக்கல். மற்ற பாடத்தில் சி என்றால் அந்தப் பாடம் பிடிக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். இந்த இரண்டில் சி என்றால் ஆய்வேட்டை முடிக்கமாட்டாரோ என்று பயப்படுவார்கள். மறுபடி எழுத அனுமதி இருந்தால் இந்த இரண்டையும் எழுதுங்கள்.

கடைசி ஆண்டு ஆய்வேட்டை எப்படிச் செய்தால் விண்ணப்பத்துக்கு உதவும்?

இளங்கலை மாணவரிடம் இருக்கும் மிகக் கனமான சான்று இந்த ஆய்வேடுதான். "சமூக ஊடகமும் மன அழுத்தமும்: பல்கலைக்கழக மாணவர்களிடையே ஓர் ஆய்வு" என்று கூகுள் ஃபார்மை நண்பர்களின் புலனக் குழுவில் போட்டு முடிப்பவர்கள் ஏராளம். அதனால் தவறில்லை, ஆனால் நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்க ஒன்றும் இருக்காது. கேள்வி சின்னதாக இருக்கட்டும், செய்முறை ஒழுங்காக இருக்கட்டும்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கிடுங்கள். ஜி-பவர் என்ற மென்பொருள் இலவசம். இரண்டு குழுக்களை ஒப்பிட்டு நடுத்தர அளவு வேறுபாட்டை, அதாவது திட்ட விலக்கத்தில் பாதியை (0.5), 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு குழுவுக்கு 64 பேர், மொத்தம் 128. "முப்பது பேர் போதும்" என்ற பழக்கத்தில் செய்தால், உண்மையில் இருக்கும் வேறுபாடும் கண்ணில் படாமல் போகும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு உரிமம் இல்லையென்றால் ஜமோவி அல்லது ஜாஸ்ப். இரண்டும் இலவசம், பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, டாஸ்-21 என்ற மனச்சோர்வு, பதற்றம், அழுத்த அளவுகோல். இதில் ஒவ்வொரு பகுதிக்கும் 7 கேள்வி. கூட்டி வந்த எண்ணை இரண்டால் பெருக்கிய பிறகே தர அட்டவணையைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வில் 8 வந்தால் 'இயல்பு' என்று எழுதிவிடுகிறார்கள், ஆனால் சரியான எண் 16, அது 'மிதமான' நிலை. இரண்டு, திருப்பிப் போட வேண்டிய கேள்விகள். ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோலின் 10 கேள்விகளில் 5 எதிர்மறையானவை. அவற்றின் எண்களைத் திருப்பாமல் விட்டால், கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதைக் காட்டும் நம்பகத்தன்மைக் குணகம் தரைமட்டத்துக்குப் போகும், சில நேரம் எதிர்மறையாகவே வரும். அப்படி வந்தால் அளவுகோலைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

தமிழில் கேள்வித்தாள் தயாரிக்கலாமா? வீட்டில் எல்லாரும் தமிழ்தானே பேசுகிறார்கள்.

தாராளமாக. ஆனால் ராத்திரியில் உட்கார்ந்து நீங்களே மொழிபெயர்த்து, காலையில் விநியோகிப்பது ஆய்வு ஆகாது. ஏற்கெனவே தமிழ் வடிவம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தாலும் அது தமிழ்நாட்டுப் பேச்சில் இருக்கலாம். இல்லையென்றால் இருவர் தனித்தனியே தமிழாக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்கிய பிறகு, மூலத்தைப் பார்க்காத மூன்றாமவர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்க வேண்டும். அர்த்தம் நழுவிய இடம் அங்கே தெரிந்துவிடும். அப்புறம் பத்துப் பதினைந்து பேரிடம் வாசித்துக் காட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் "இது என்ன கேக்குதுன்னு நெனைக்கிறீங்க?" என்று கேளுங்கள்.

இந்தக் கடைசிப் படியில்தான் புதையல் இருக்கிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாவிடம் "நீங்கள் மனச்சோர்வாக உணர்ந்தீர்களா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்பார். "மனசு பாரமா இருந்துச்சா?" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "ஒடம்பெல்லாம் அசதி", "சோறு எறங்கல" என்று மனத்தின் வலியை உடம்பின் சொல்லில் சொல்லும் மக்கள் நம்மவர்கள். அந்தச் சொற்களைப் பதிவுசெய்து, அளவுகோல் எங்கே தவறவிடுகிறது என்று காட்டிய இளங்கலை ஆய்வேடு, ஆயிரம் பேரிடம் வாங்கிய கூகுள் ஃபார்மைவிடப் பெரிது. இந்த வேலைக்குத் தமிழும் தோட்டப் பேச்சும் தெரிந்தவர் வேண்டும். அதை ஒரு திறனாகவே விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

எங்கள் தோட்டத்திலேயே ஆய்வு செய்தால் அனுமதி யாரிடம் வாங்குவது?

முதலில் பல்கலைக்கழக நெறிமுறைக் குழு. அது கிடைக்காமல் ஒருவரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்கக்கூடாது. பிறகு வாங்கிக்கொள்ளும் அனுமதியை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது.

தமிழ்ப்பள்ளியில் செய்வதென்றால் தலைமையாசிரியர் தெரிந்தவர் என்பது போதாது. கல்வி அமைச்சின் ஈராஸ் என்ற இணைய விண்ணப்ப முறையில் விண்ணப்பித்து அனுமதி வாங்கி, மாநிலக் கல்வி இலாகாவுக்கும் தெரிவிக்க வேண்டும். அரசு மருத்துவமனை, கிளினிக் என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து, சுகாதார அமைச்சின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இவை மாதக்கணக்கில் இழுக்கும். கடைசிப் பருவத்தில் தொடங்கினால் முடியாது.

தோட்டத்தில் நிர்வாகியின் எழுத்து அனுமதி தேவை. ஆனால் படிவத்தைக் கிராணியோ மண்டோரோ விநியோகிக்கக் கூடாது. மேலதிகாரி கையிலிருந்து வரும் தாளுக்கு "முடியாது" என்று சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்? அப்படி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. வாசிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டி, ஒரு சாட்சியை வைத்துக் கைநாட்டு வாங்குங்கள்.

நாற்பது குடும்பம் உள்ள லயத்தில் "52 வயது, விதவை, நாற்றங்கால் வேலை" என்று எழுதினாலே யாரென்று ஊருக்குத் தெரியும். பெயரை மறைத்தால் போதாது, வயதை இடைவெளியாகவும் வேலையைப் பொதுவாகவும் மாற்றுங்கள். பி.எச்.கியூ.-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளைப் பயன்படுத்தினால் அதன் 9ஆம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. "ஆம்" என்று ஒருவர் சொன்னால் அந்த நிமிடமே என்ன செய்வீர்கள், யாரைக் கூப்பிடுவீர்கள் என்பதை நெறிமுறை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். சுகாதார அமைச்சின் மனநல உதவித் தொலைபேசியான ஹீல் லைன் எண் 15555, அருகிலுள்ள கிளினிக், உங்கள் மேற்பார்வையாளரின் எண், மூன்றும் கையில் இருக்கட்டும்.

அனுபவம் எங்கே தேடுவது? எங்கள் ஊரில் உளவியல் நிலையமே இல்லை.

ஈப்போவில், மனம் உடைந்தவர்களிடம் தொலைபேசியில் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பு இருக்கிறது. பயிற்சி கொடுத்த பிறகே தொலைபேசியில் உட்காரவைப்பார்கள், அந்தப் பயிற்சியே பாதி படிப்பு. சமூக நல இலாகாவின் கீழ் நடக்கும் பி.டி.கே. என்ற சமூக மறுவாழ்வு மையங்களில் உடற்குறை, அறிவுக்குறை உள்ள பிள்ளைகளோடு வேலை செய்யலாம். சுகாதார அமைச்சின் மெந்தாரி சமூக மனநல நிலையங்களில் இன்டர்ன்ஷிப் கேட்கலாம், பல்கலைக்கழகக் கடிதத்தோடு இரண்டு மூன்று மாதம் முன்பே எழுதுங்கள். விரிவுரையாளரின் ஆய்வில் தரவு உள்ளிடும் வேலை கிடைத்தாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் அவர்தான் பின்னால் உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவர்.

ஐந்து இடங்களில் ஒரு நாள் தலைகாட்டுவதைவிட ஒரே இடத்தில் ஒரு வருடம், வாரம் மூன்று மணி நேரம் போவது மேல். தேதி, மணி, செய்த வேலை, மேற்பார்வையாளர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதுங்கள்.

பரிந்துரைக் கடிதம் யாரிடம் கேட்பது?

உங்கள் ஆய்வேட்டு மேற்பார்வையாளர், உங்களை இரண்டு பாடங்களிலாவது பார்த்த விரிவுரையாளர், களப்பணியில் மேற்பார்த்தவர். பெரிய பதவிக்காரரின் கடிதம் உதவாது. சட்டமன்ற உறுப்பினரோ கோயில் தலைவரோ "நல்ல குடும்பத்துப் பிள்ளை" என்று எழுதினால் குழு அதைத் தனியே எடுத்து வைத்துவிடும். வேண்டியது "இந்த மாணவி 128 பேரிடம் தரவு சேகரித்தார், பிழை கண்டுபிடித்து முழுவதையும் மறுபடி உள்ளிட்டார்" என்பது போன்ற வரி.

ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே, நேரில் போய்க் கேளுங்கள். "எனக்கு வலுவான கடிதம் எழுத முடியுமா, டாக்டர்?" என்ற கேள்வியில் 'வலுவான' என்ற சொல் முக்கியம். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் உங்கள் மதிப்பெண் பட்டியல், சுயவிவரம், நோக்க அறிக்கையின் வரைவு, அவர் பாடத்தில் நீங்கள் எழுதிய நல்ல கட்டுரை, விண்ணப்பிக்கும் இடங்களும் கடைசித் தேதிகளும், எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். கடிதம் அவருடைய பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து போகட்டும், ஜிமெயிலிலிருந்து வந்தால் சந்தேகப்படுவார்கள்.

நோக்க அறிக்கையில் என் குடும்பக் கதையை எழுதலாமா? அப்பாவின் குடிப்பழக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கு இந்தத் துறையில் ஆர்வமே வந்தது.

அந்த ஆர்வம் உண்மையானது, மதிக்கத்தக்கது. ஆனால் எழுதும் முன் யோசிக்க வேண்டும். 2006இல் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி இருவரும் அமெரிக்காவில் உளவியல் உயர்கல்விச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம் எவை ஒரு விண்ணப்பத்தைக் கெடுக்கின்றன என்று கேட்டுத் தொகுத்தார்கள். சொந்த மனநலச் சிக்கலை விரித்துச் சொல்வது அதில் வந்தது. படிப்பைப் பற்றிய விவரம் தெரியாமல் எழுதுவது, மோசமான எழுத்து, பொருத்தமில்லாதவரின் பரிந்துரை ஆகியவையும் வந்தன.

அதனால் ஒரே வாக்கியம் போதும்: தோட்டத்தில் மதுவால் குடும்பங்கள் உடைவதை அருகிலிருந்து பார்த்ததால் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. அடுத்த வாக்கியத்திலேயே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள். என்ன படித்தீர்கள், எதை அளந்தீர்கள், எது புரியவில்லை, அதை இந்தப் பல்கலைக்கழகத்தில் யாரிடம் கற்க விரும்புகிறீர்கள். குழு தேடுவது ஆறிய காயத்தோடு வேலை செய்யக்கூடியவரை. அப்பாவின் கதை அப்பாவுக்கும் சொந்தம், அவரைக் கேட்காமல் அந்நியருக்கு அனுப்புவது நம் தொழிலின் முதல் பாடத்துக்கே எதிரானது.

"சிறுவயது முதலே பிறருக்கு உதவுவதில் ஆர்வம்" என்று தொடங்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். இரண்டு பக்கத்துக்குள் முடியுங்கள். ஆங்கிலத்தையோ மலாயையோ யாராவது ஒருவர் திருத்திக் கொடுக்கட்டும், ஆனால் காசு கொடுத்து எழுதவைக்காதீர்கள். நேர்காணலில் அந்த அறிக்கையை வைத்துத்தான் கேட்பார்கள்.

ஜி.ஆர்.இ., ஐ.இ.எல்.டி.எஸ். எழுத வேண்டுமா?

ஜி.ஆர்.இ. என்பது மேற்படிப்புக்கான அமெரிக்கப் பொதுத் தேர்வு, மலேசியாவில் படிக்க அது தேவையில்லை. அமெரிக்காவிலும் 2020க்குப் பிறகு பல உளவியல் துறைகள் அதை விட்டுவிட்டன, ஒவ்வொரு துறையின் பக்கத்தையும் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். 2023 செப்டம்பர் முதல் அது 1 மணி 58 நிமிடத் தேர்வு. மொழிக்கும் கணக்குக்கும் தலா 130 முதல் 170 வரை மதிப்பெண், எழுத்துக்கு 0 முதல் 6. முடிவு 5 வருடம் செல்லும். ஆங்கில மொழித் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ். 2 வருடம்தான் செல்லும், அதனால் இரண்டாம் ஆண்டிலேயே எழுதி வீணாக்காதீர்கள். முதுகலைக்கு 6.5 அல்லது 7.0 கேட்பது வழக்கம்.

ஜி.ஆர்.இ.யை வீட்டிலிருந்தே எழுதும் வசதி உண்டு. ஆனால் அறைக் கதவு சாத்தியிருக்க வேண்டும், இன்னொருவர் உள்ளே வரக் கூடாது, இணையம் அறுபடக் கூடாது. லயத்து வீட்டில் பக்கத்து வீட்டு வானொலியும், மழைக்குப் போகும் மின்சாரமும் தேர்வையே ரத்தாக்கிவிடும். முதல் நாளே கோலாலம்பூர் போய் உறவினர் வீட்டில் தங்கி, மையத்தில் எழுதுவதே பாதுகாப்பு.

பெயரில் இன்னாரின் மகன், மகள் என்று காட்ட வரும் அ/லெ, அ/பெ தொல்லை தருமா?

தரும். வெளிநாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும், நமக்கு அது இல்லை. கடப்பிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே தேர்வுப் பதிவிலும் விண்ணப்பத்திலும் போடுங்கள். சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால் எடுத்துவிடலாம், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எடுங்கள். ஒரு தாளில் அப்பா பெயர் குடும்பப் பெயராகவும், இன்னொன்றில் இல்லாமலும் இருந்தால் தேர்வு முடிவும் விண்ணப்பமும் ஒன்றுசேராமல் கிடக்கும்.

பணத்துக்கு என்ன வழி?

பெற்றோரின் ஊழியர் சேமநிதியிலிருந்து பிள்ளையின் உயர்கல்விக்கு எடுக்கலாம். 2024 மே மாதச் சீரமைப்புக்குப் பிறகு அது சேஜாத்திரா கணக்கிலிருந்து வரும், சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் கேட்பார்கள். அது பெற்றோரின் முதுமைக்கான பணம் என்பதை மறந்துவிடாதீர்கள், வேறு வழியெல்லாம் பார்த்த பிறகு எடுங்கள். இளங்கலைக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கடனை மேற்படிப்புக் காலத்தில் ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம், பேசாமல் விட்டால் நிலுவையாக ஏறும். ம.இ.கா. கட்சியின் கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. கடனுதவி தருகிறது. பெற்றோரோ தாத்தாவோ தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், அங்கும் கல்வி உதவி கேட்டுப் பாருங்கள். இந்தச் சுங்கை சிப்புட்டில் பிறந்த, ம.இ.கா.வின் அன்றைய தலைவர் துன் சம்பந்தன், தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், தோட்டத் தொழிலாளர்களின் பணத்தைக்கொண்டு தொடங்கிய சங்கம் அது.

ஆய்வு வழி முதுகலையில், விரிவுரையாளரின் ஆய்வு மானியத்திலிருந்து உதவியாளர் சம்பளம் பெறுபவர்கள் உண்டு. விண்ணப்பத்துக்கு முன்பே அவருக்கு எழுத வேண்டும். இங்கிலாந்தின் செவெனிங் உபகாரச் சம்பளத்துக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், அதனால் பட்டம் முடித்த கையோடு கேட்க முடியாது.

மருத்துவ உளவியலில் சேருபவர்கள் கட்டணத்தோடு இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். பயிற்சிக் காலம் முழுநேரம், பெரும்பாலும் சம்பளமில்லாதது. வாடகை, சாப்பாடு, பெட்ரோல் எல்லாம் கையிலிருந்து போகும். பகுதிநேர வேலையை நம்பித் திட்டம் போட்டவர்கள் அந்தக் கட்டத்தில்தான் படிப்பை நிறுத்துகிறார்கள்.

"பைத்தியங்களோடு பழகினால் பெண்ணை யார் கட்டுவார்கள்?" என்கிறார் பாட்டி. என்ன சொல்வது?

பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தான் இருக்கிறது. 1911 முதல் நடக்கும் பஹாகியா உலு கிந்தா மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. பாட்டியோடு வாதிட வேண்டாம். உறவில் யாருக்காவது ராத்திரி தூக்கம் வராமல், கோயில் கோயிலாக மந்திரித்துத் திரிந்த கதை அவருக்கே தெரியும். "அந்த மாதிரி ஆளுக்கு நம்ம பாஷையில பேசற டாக்டரம்மா இருந்திருந்தா?" என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள், நேர்காணலுக்கும் அது நல்ல பயிற்சி.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

ஆய்வேட்டின் குறை என்ன என்று கேட்பார்கள். "குறை ஒன்றும் இல்லை" என்பதே மிகத் தவறான பதில். மாதிரி எங்கே ஒருபக்கமாகச் சாய்ந்தது, மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள் என்று இரண்டு நிமிடம் பேசத் தயாராக இருங்கள். 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, சுமார் 36 விழுக்காட்டில்தான் முடிவுகள் மறுபடி உறுதியாயின என்பது போன்ற துறைச் செய்தியை அறிந்திருப்பதும் உதவும்.

நெறிமுறைச் சூழல் ஒன்றும் வரும். உங்களிடம் சிகிச்சைக்கு வருபவர் உங்கள் தோட்டத்துக்காரர், உங்கள் அத்தை "அவன் என்னம்மா சொன்னான்?" என்று கேட்கிறார். "சொல்லமாட்டேன்" என்பது பாதிப் பதில்தான். அவர் வருகிறார் என்பதைக்கூட உறுதிப்படுத்தக் கூடாது. தெரிந்தவராக இருப்பதால் வேறு ஒருவரிடம் அனுப்ப முடியுமா என்று மேற்பார்வையாளரிடம் பேச வேண்டும். அனுப்ப ஆளே இல்லாத சின்ன ஊரில் எல்லைகளை அவரிடமே முதல் நாளில் பேசி வகுக்க வேண்டும். இதை முழுதாகச் சொல்லும் தோட்டத்துப் பிள்ளைக்கு, பட்டணத்துப் பிள்ளையைவிட இந்தக் கேள்வி நன்றாகவே தெரியும்.

எப்போது தொடங்குவது?

மூன்று வருடப் படிப்பென்றால் முதல் ஆண்டில் புள்ளியியலை விடாமல் பிடியுங்கள், களப்பணி ஒன்றில் சேருங்கள். இரண்டாம் ஆண்டின் நடுவில் எந்தத் துறை என்று முடிவெடுத்து, அங்கீகாரக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அந்த ஆண்டு இறுதிக்குள் ஆய்வேட்டுத் தலைப்பும் நெறிமுறை விண்ணப்பமும் தயாராக வேண்டும். அமெரிக்க முனைவர் படிப்புக்கு விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் மூடும், கிடைத்த இடத்தை ஏற்கிறீர்களா என்று நீங்கள் பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டு. உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், மாதம் ஒருமுறை பாருங்கள். சான்றிதழ் நகல்களைப் பெசுருஜாயா சும்பா (சத்தியப் பிரமாண ஆணையர்) முத்திரையோடு ஐந்து செட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைக்காவிட்டால்?

முதல் முறை கிடைக்காதவர்கள் பலர், மருத்துவ உளவியலில் அது சாதாரணம். ஒரு வாரம் கழித்து, எங்கே குறை என்று துறைக்கு மரியாதையாக எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டாலும் நீங்களே கண்டுபிடிக்கலாம். நேர்காணலுக்கே அழைப்பு வரவில்லை என்றால் மார்க், நோக்க அறிக்கை, பரிந்துரை ஆகிய மூன்றில் ஒன்று. நேர்காணல் வரை போய் நின்றது என்றால் பேச்சும் அனுபவமும். அந்தக் குறையை அடைக்கும் வேலையில் ஒரு வருடம் சேருங்கள்: ஆய்வு உதவியாளர், சிறப்புக் கல்வி மைய உதவியாளர், மனநல அமைப்பில் ஒருங்கிணைப்பாளர். பரிந்துரைத்த விரிவுரையாளர்களுக்கு முடிவைச் சொல்லி, அடுத்த ஆண்டும் எழுதித் தருவீர்களா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நோக்க அறிக்கையைத் தேதி மாற்றி அனுப்பாதீர்கள். குழுவில் அதே ஆட்கள்தான் இருப்பார்கள்.